அமுக்கினால் நிற்காத விமானம்

எந்த மிஷினையும் ஓட்டுவது பெரிய விஷயம் இல்லை. நிறுத்தத் தெரிந்தவன்தான் முதலாளி. யாரோ பெரிய மனிதர் சொல்லிவிட்டுப் போனது என்று நினைக்க வேண்டாம். சொன்னவன் நான்தான். ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைக்கும் என் ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் இதைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடியில் என் பெயரும் இருக்கும். (வாசகத்தைவிடப் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்து. பெயின்டர் செய்த தப்பு. நான் திருத்தச் சொல்லவில்லை.)

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என்னிடம் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மிஷினை நிறுத்தத் தெரியாமல் என் முகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். ஒரு மனிதன் தன் முகத்துக்குள் தானே எப்படி நுழைவான் என்று கேட்பீர்கள். பொறுங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. கணக்கு வாத்தியாரும் நானும் ஒரே நாளில் ஒருவரையொருவர் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டோம். அப்புறம் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் தூக்கினேன், கட்டிங் மிஷினில் நின்றேன், தையல் மிஷினில் உட்கார்ந்தேன். இன்றைக்கு என்னிடம் நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் பதினெட்டுப் பேர் பட்டதாரிகள். ஒரு தோலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் போதும், அந்த ஆடு எந்தப் பக்கத்து மேய்ச்சல், வேலியில் உரசிக்கொள்ளும் ஆடா இல்லையா, எல்லாம் சொல்லிவிடுவேன். (ஆட்டின் பெயரை மட்டும் சொல்ல முடியாது.)

என் ஃபேக்டரியில் எல்லா மிஷினிலும் உள்ளங்கை அளவுக்கு உருண்டையாக ஒரு பட்டன் துருத்திக்கொண்டிருக்கும். ஏதாவது ஏடாகூடமானால் அதை ஓங்கி அடிக்க வேண்டும். மிஷின் அந்த நொடியே நின்றுவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நான் வேறு எதுவுமே சொல்லித் தருவதில்லை. மிஷினை ஓடவிட்டு, பின்னால் போய் நின்று, திடீரென்று ஒரு தகர டப்பாவைத் தட்டுவேன். அவர்கள் பட்டனை அடிக்க வேண்டும். "யோசிக்காத, அடி! நிக்கற வரைக்கும் கைய எடுக்காத!" அதுதான் பாடம். நூறு தடவை. யோசித்தவர்களுக்கு இன்னும் நூறு. முப்பது வருஷத்தில் என் ஃபேக்டரியில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. இதில் தற்பெருமை எதுவும் இல்லை. இருந்தால் அது நியாயமான பெருமை.

எங்களுக்கு ஒரே பெண், ரூத். பைலட் ஆகவேண்டும் என்றாள். ஆனாள். அதற்கு மேல் ஒரு படி போய், பிறருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் படிப்பும் படித்து முடித்தாள். வேலைதான் கிடைக்கவில்லை. எங்கள் சத்துவாச்சாரி வீட்டு மாடி அறையில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து, விண்ணப்பம் போடுவதும் பதில் வராததைப் பார்ப்பதுமாக இருந்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒருவர் விடாமல், "இன்னா, பொண்ணு எப்போ பறக்கப்போவுது?" என்று கேட்பார்கள். அவள் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் ஒரு விமானக் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் உட்காரும் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கேப்டன் வந்து சேர்ந்தார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆந்திர எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரத் தூரத்தில் தனியார் ஓடுதளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, சின்னதாகப் பறக்கும் கிளப் ஆரம்பிக்க நினைத்தார். இரண்டே பேர் உட்காரும் இலகுரக விமானம் ஒன்று வேண்டும். கற்றுக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். விமானத்தை நான் வாங்கித் தருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிதர்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா ப்ளேன் உங்களதுங்கறதால வேலை உங்க பொண்ணுக்குன்னு அர்த்தம் இல்ல. அவங்க எனக்கு ஓட்டிக் காட்டணும். பாத்துட்டுதான் சொல்லுவேன். இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க."

அன்று சாயங்காலம் ரூத் மாடியிலிருந்து இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இது போச்சுன்னா கவுன்டர்தான். எந்த ப்ளேன்னு நான் செலக்ட் பண்றேன். நீ வெறும் ஓனரா இரு. போதும்."

'வெறும் ஓனர்.' நாற்பது வருஷம் மிஷினோடு வாழ்ந்தவனைப் பார்த்து! இருந்தாலும் பெண் கேட்கிறாளே என்று, "சரிம்மா" என்றேன். (அந்த 'சரிம்மா'வைச் சொன்னபோது என் மனைவி மார்த்தா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு என் 'சரிம்மா'வைத் தெரியும்.)

கேப்டன் மூலமாக விற்பனைக்கு இரண்டு விமானங்கள் ஓடுதளத்துக்கு வந்திருந்தன. பார்க்கப் போனோம்: ரூத், மார்த்தா, நான், கூடவே பஷீர் பாய். பாய் தோல் புரோக்கர். முப்பது வருஷமாக என் தோஸ்த். சரக்கு பார்க்கப் போகும்போது புரோக்கர் இல்லாமல் போவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. சரக்கு தோலானால் என்ன, விமானமானால் என்ன?

முதலாவது மஞ்சள் நிறம். இறக்கை தலைக்கு மேலே இருந்தது. போனதும் வழக்கப்படி கட்டைவிரலால் இறக்கையை ஒரு அமுக்கு அமுக்கினேன். உள்ளே போய் வெளியே வந்தது.

"இன்னாம்மா இது, துணி?"

"ஆமா நைனா. ஃபேப்ரிக். லைட்டா இருக்கும், ஸ்ட்ராங்காவும் இருக்கும்."

"பாய், இத பாரேன். ஷாமியானா துணிய ஒட்டி வச்சிட்டு ப்ளேன்றாங்க."

பஷீர் பாய் குனிந்து சுண்டிப் பார்த்தார். "தோஸ்த், இதுக்கு நம்ம ஆட்டுத் தோல இழுத்துக் கட்டினா இன்னா? ஜாஸ்தி நாளு வரும்."

"வெயிட் ஜாஸ்தி ஆயிடும்" என்றார் கேப்டன்.

"ஆடு கம்மி வெயிட்டுதான் சார்" என்றார் பாய் விடாமல்.

இரண்டாவது வெள்ளை. இறக்கை கீழே, மேலே கண்ணாடிக் குடை போல் மூடி. அதைக் கேப்டன் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! தலையை உள்ளே விட்டேன். ஆட்டுத் தோல், நாப்பா என்கிற மிருதுவான ரகம், பாலாடை நிறம். இன்ச்சுக்கு ஏழு தையல், ஒன்றுகூடப் பிசகவில்லை. எங்கள் பக்கத்துச் சரக்கு என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இங்கிருந்து கப்பல் ஏறிப் போய், எவனோ வெள்ளைக்காரன் விமானத்தில் உட்கார்ந்து, திரும்பவும் என்னைத் தேடி வந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. மஞ்சள் விமானத்து சீட்டோ, பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற முரட்டுத் துணி.

நான் வெள்ளை விமானத்து சீட்டை முகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ரூத் பின்னால் நின்று ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறாள். அப்போது என் காதில் எதுவும் விழவில்லை. பிறகு அதையே பல வருஷமாகப் பல பேர் என்னிடம் சொல்லிக் காட்டியதால் இப்போது மனப்பாடம். அவள் சொன்னது இது:

"நைனா, உள்ள கண்ட்ரோல் எங்கெங்க இருக்குன்னு பாத்துதான் வாங்கணும். கத்துக்க வர்றவங்க இடப்பக்கம் உக்காருவாங்க, நான் வலப்பக்கம். மஞ்ச வண்டியில நடுவுல ஒரே ஸ்டிக், மேல கவட்ட மாதிரி பிரிஞ்சி ஆளுக்கு ஒரு கைப்பிடி. வேகத்தக் கூட்டிக் கொறைக்கற த்ராட்டில், அவங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு லிவரு, எனக்கு இந்தப் பக்கம் ஒரு லிவரு. பிரேக்கு ரெண்டு பேர் காலுலயும் இருக்கு. அவங்க தப்பு பண்ணா என் சீட்டுல இருந்தே நான் நிறுத்திடுவேன். வெள்ள வண்டியில த்ராட்டில் நடுவுல ஒண்ணே ஒண்ணு. உருண்டையா குமிழ் மாதிரி இருக்கு பாரு. இழுத்தா கம்மி, அமுக்கினா ஜாஸ்தி. பிரேக்கு இடப்பக்கத்து ஸ்டிக்ல மட்டும்தான், சைக்கிள் பிரேக்கு மாதிரி. யாராவது பயந்துபோய் அந்தக் குமிழ இறுக்கிப் புடிச்சிக்கிட்டா நான் இன்னா பண்றது? அவங்க கையோட மல்லுக்கட்டறதா?"

நான் தலையை வெளியே எடுத்து, "இதான்மா" என்றேன்.

"நைனா, நான் சொன்னது..."

"சீட்டப் பாத்தியா?"

"சீட்டு பறக்காது நைனா."

"பறக்கறப்ப உக்கார்றது எதுலம்மா? சீட்லதானே?"

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ஜினியரிங் படித்தவன்கூடப் பதில் சொன்னது கிடையாது. அவள் ஓடுதளத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கேப்டன் கையின் மேல் போட்டேன். எங்கள் தோல் வியாபாரத்தில் விலையை வாயால் பேச மாட்டோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. நான் அவருடைய இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன். அவர் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல், "எனக்கு பிரஷர் நார்மல்தான் சார், போன வாரம்தான் பாத்தேன்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் காட்பாடி தாண்டியதும் மார்த்தா மெதுவாகச் சொன்னாள்:

"பொண்ணு சொன்னத ஒரு தபா கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"மூக்காலயா?"

வெள்ளை விமானத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்; ஓட்டிப் பார்த்த பிறகு பாக்கி என்று பேச்சு. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். கேப்டன் சொன்னது ஒரே ஒரு வேலை: ரூத் வெள்ளை விமானத்தைத் தரையிலேயே ஓடுதளத்தின் கோடிவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றிச் சொல்வார். பறக்கிற பேச்சே கிடையாது. இதை ஒரு பரீட்சை என்று ரூத் நினைத்தாள். நான் இதைத் திறப்பு விழா என்று நினைத்தேன்.

ஃபேக்டரியில் இருந்து எட்டு பஸ் கிளம்பியது. ஆறு பெரிய தேக்சா பிரியாணி. பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் செய்தார். பஷீர் பாய் துவா செய்தார். என் சூப்பர்வைசர் மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எல்லா வாசலிலும் சொல்லி வைத்துவிடுவது நல்லது இல்லையா?

எல்லாவற்றுக்கும் சிகரமாக, தொழிலாளிகள் சேர்ந்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். இருபது அடி அகலம். என் முகம் மட்டுமே எட்டு அடி. பைலட் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முத்துப் பல் வரிசை. (பல் என்னுடையது இல்லை, கம்ப்யூட்டர்காரர் போட்டது.) பின்னால் நான்கு என்ஜின் வைத்த பெரிய விமானம். 'வானம் அளக்க வந்த வள்ளலே, வருக!' விமானம் வந்து நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஓரமாக மூங்கில் நட்டுக் கட்டிவிட்டார்கள். கேப்டன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உருவ ஒற்றுமையைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரூத் வலப்பக்கம், கற்றுக்கொடுப்பவரின் சீட்டில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் கேப்டன் ஏறப்போனார். நான் குறுக்கே போனேன்.

"கேப்டன், என் வண்டி. மொத தபா நான்தான் உக்காரணும். ஜனங்க பாக்குதில்ல?"

ரூத் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். "நைனா, இன்னிக்கி வேணாம். ப்ளீஸ்."

கேப்டன் ஏற வைத்த காலைக் கீழே இறக்கினார். "பரவால்ல, உக்காரட்டும். பக்கத்துல உக்கார்றவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தா இன்ஸ்ட்ரக்டர் எதுக்கு? ஒண்ணுமே தெரியாத ஆள வச்சித்தான் டெஸ்ட் பண்ணணும்."

ஒண்ணுமே தெரியாத ஆள்! அதைக் கேட்டதும் கொஞ்சம் நஞ்சம் இருந்த தயக்கமும் போய் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நாப்பா என்னை வரவேற்றது.

ரூத் பெல்ட்டைப் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "நைனா, உனக்கு ஒரே ஒரு வேல. நான் பிரேக்னு சொன்னா, ஸ்டிக்ல இருக்கற இந்த லிவர சைக்கிள் பிரேக்கு மாதிரி புடிக்கணும். என் பக்கம் பிரேக்கு கெடையாது. வேற எதையும் தொடாத. கீழ ரெண்டு பெடல் இருக்கு, அதுலதான் நான் வண்டியத் திருப்பணும். அதுல காலு வைக்காத."

"எனக்கேவாம்மா?" என்றேன்.

"உனக்கேதான்."

என்ஜின் ஓடியது. போனோம். அவள் ஓட்டிய அழகை இப்போது சொல்ல வேண்டும், அப்போது நான் கவனிக்கவில்லை. இடது கை நடுக் குமிழை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு குலுங்கல் இல்லை. கோடிவரை போனோம், "பிரேக்" என்றாள், பிடித்தேன், நின்றது. திரும்பினோம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இந்தத் தொழிலும் எனக்கு வரும் என்று. இரண்டு மாதம் கொடுத்தால் காவேரிப்பாக்கம் ஏரிமேல் ஒரு வட்டம் அடித்துவிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன். இதற்கிடையில் என் கால் இரண்டும் என்னைக் கேட்காமல் பெடல்மேல் ஏறிவிட்டன. அவற்றைக் குறை சொல்ல முடியாது. சீட்டில் உட்கார்ந்தால் கீழே பெடல், பெடல் இருந்தால் அதன்மேல் கால். பல வருஷம் தையல் மிஷின் போட்ட கால்கள்.

கூட்டம் நெருங்கியது. ரூத் வேகத்தைக் குறைத்து, அமைதியாக, "பிரேக், நைனா" என்றாள்.

அந்த நொடியில் முதலாளியை வரவேற்கிறேன் பேர்வழி என்று யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

பட பட படவென்று சத்தம். என் காதுக்கு அது வெடிச் சத்தம் இல்லை. மிஷினுக்குள் ஏதோ உடைகிற சத்தம். தகர டப்பாச் சத்தம். முப்பது வருஷப் பாடம். யோசிக்காத, அடி! எதிரே உள்ளங்கை அளவுக்கு உருண்டையாகத் துருத்திக்கொண்டு ஒன்று இருந்தது. கறுப்புக் குமிழ்தான், ஃபேக்டரியில் இருப்பது சிவப்பு. ஆனால் கைக்கு நிறம் தெரியாதே. ரூத்தின் விரலைத் தட்டிவிட்டு ஓங்கி ஒரே அடி.

விமானம் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு பாய்ந்தது.

நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? பட்டன் சரியாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம். உடம்பின் மொத்த கனத்தையும் அதன்மேல் சாய்த்தேன். (தொண்ணூற்றிரண்டு கிலோ. பிரியாணிக்கு முன்.)

"கைய எடு நைனா!"

"நிக்குதும்மா, நிக்குது!"

"நிக்கல! கைய எடு! ஐயோ, கால எடு!"

கையை எடுப்பதா காலை எடுப்பதா என்று குழம்பி, இரண்டையும் இன்னும் பலமாக அமுக்கினேன். ரூத் தன் பக்கத்துப் பெடலை என் காலோடு சேர்த்து ஒரே மிதி மிதித்தாள். என் முழங்கால் தாடைக்கு வந்தது. விமானத்தின் மூக்கு ஜனங்கள் இருந்த பக்கத்தில் இருந்து விலகியது. பாஸ்டர் ஐயா ஓடுவதை முதல் முறையாகப் பார்த்தேன், நல்ல வேகம். எதிரே மனிதர் யாரும் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. அங்கே நான் இருந்தேன். இருபது அடி அகலத்தில்.

ரூத் எட்டி, எதிரே மீட்டர் பலகையின் மேல்பக்கம் இருந்த இரண்டு சின்ன சுவிட்சுகளைத் தட்டினாள். டிக். டிக்.

என்ஜின் செத்தது. மூக்கில் சுற்றிய விசிறி நின்றது. சத்தமே இல்லாமல், விமானம் போகிற போக்கில் உருண்டு போனது. என் முகம் என்னை நோக்கி வந்தது. பெரிதாக வந்தது. நேராக வாய்க்குள், அந்த முத்துப் பற்களுக்கு நடுவே நுழைந்தோம். மூங்கில் ஒன்று முறிந்தது. ஃப்ளெக்ஸ் அறுந்து கண்ணாடி மூடியின்மேல் பொத்தென்று விழுந்து, உள்ளே இருட்டிவிட்டது.

அரை வெளிச்சத்தில் மேலே பார்த்தேன். என்னுடைய ஒரு கண், கறுப்புக் கண்ணாடியோடு, தலைகீழாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நைனா" என்றாள் ரூத்.

"இன்னாம்மா?"

"இப்பவாச்சும் கைய எடு."

அப்போதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

வெளியே கைதட்டல் கேட்டது. விசில் வேறு. முதலாளி ஃப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டு வருவது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று என் ஆட்கள் நினைத்துவிட்டார்கள். "மொதலாளி, இன்னொரு தபா!" என்று ஒரு குரல். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் போனஸ் சமயத்தில் கவனித்துக்கொள்வேன். பஷீர் பாய்தான் முதலில் வந்து ஃப்ளெக்ஸைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலயே தோஸ்த்? அல்லா காப்பாத்தினான். பிரியாணியும் தப்பிச்சிது."

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விமானத்துக்கு விசிறியில் ஒரு நுனி உடைந்து, மூக்குச் சக்கரத்தின் தண்டு வளைந்திருந்தது. நான் இறங்கினேன். ரூத்தும் இறங்கினாள். குனிந்து, உடைந்த விசிறி நுனியைத் தேடி எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள்.  இரண்டு வருஷமாக மாடியில் உட்கார்ந்திருந்த பெண். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வெறும் ஓனராக இரு என்று. அது எவ்வளவு சின்ன வேலை! அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

கேப்டன் நடந்து வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கேப்டன், தப்பு பூரா மிஷின் மேலதான். எந்த ஊர்லயாவது பட்டன அமுக்கினா..."

"நீங்க ஒரு நிமிஷம் இருங்க சார்" என்றார். ரூத்தைப் பார்த்தார். "த்ராட்டில இழுத்துக் கொறைக்காம, ஏன் நேரா சுவிட்சுக்குப் போன?"

"த்ராட்டில் மேல எங்க நைனா கை இருந்திச்சி சார்."

"கைய எடுத்துவிட்டிருக்கலாமே?"

"அத எங்கம்மாவே முப்பது வருஷமா ட்ரை பண்றாங்க சார். முடியல."

கேப்டன் மார்த்தாவைப் பார்த்தார். மார்த்தா பிரியாணிக் கரண்டியோடு நின்றபடியே, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"நேரா போனா கூட்டம். திருப்பினது யோசிச்சிப் பண்ணியா?"

"யோசிக்க டைம் இல்ல சார். ஃப்ளெக்ஸ் கிழிஞ்சா வேற அடிச்சிக்கலாம்."

அந்த மனிதர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்கன்னு சொன்னேன்ல, அவங்களுக்கு வேணாம்னு சொல்லிடறேன். இவர இடப்பக்கம் உக்கார வச்சி எல்லாரையும் உயிரோட எறக்கினவங்க யாருக்கு வேணா கத்துக்குடுக்கலாம். ஒண்ணாந்தேதி வந்துடு. ஆனா மஞ்ச வண்டிதான்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு நன்றி. இந்த வெள்ள வண்டிய ஏன் வாங்கக்கூடாதுன்னு உங்க பொண்ணு பத்து நிமிஷம் சொன்னாங்க. நீங்க பத்தே செகண்ட்ல காட்டிட்டீங்க."

பாராட்டை ஏற்றுக்கொண்டேன். மிஷினைப் பரிசோதிப்பதில் எனக்கு நிகர் நான்தான் என்று எப்போதும் சொல்லிவருகிறேன்.

வெள்ளை விமானத்தை என் செலவில் பழுது பார்த்து, உரியவரிடமே அனுப்பிவைத்தோம். ஷாமியானாத் துணி ஒட்டிய மஞ்சள் விமானத்தைத்தான் வாங்கினேன். அதில் தோல் சீட்டுப் போடக் கேப்டன் ஒத்துக்கொள்ளவில்லை; வெயிட்டாம். ஸ்டிக்கின் இரண்டு கைப்பிடிக்கு மட்டும் மெல்லிய ஆட்டுத் தோலில் என் கையாலேயே உறை தைத்துக் கொடுத்தேன். இன்ச்சுக்கு ஏழு தையல். "புடிக்க நல்லா இருக்கு நைனா" என்றாள். இருபது வருஷத்துக்குப் பிறகு நான் கையால் தைத்தது அதுதான். இடப்பக்கத்து த்ராட்டில் லிவருக்கு மேலே ரூத் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள், தமிழில்: 'நிறுத்த வேண்டுமா? இழு. அமுக்கினால் நிற்காது.' கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் இது எதற்கு என்று கேட்பார்கள். அவளும் எல்லோருக்கும் கதையைச் சொல்வாள். அதுதான் முதல் நாள் பாடமாம். எனக்குத் தெரியாத ஊர்களில்கூட இப்போது என்னைத் தெரிகிறது.

ஆனால் வீட்டில் மிஞ்சியது அந்த ஸ்டிக்கர் இல்லை. அந்த இரண்டு சுவிட்சுகள்தான்.

நான் எங்கேயாவது கொஞ்சம் விரிவாகப் பேச ஆரம்பித்தால் போதும், மார்த்தா வலது கையின் இரண்டு விரலைத் தூக்கிக் காற்றில் தட்டுவாள். "டிக், டிக்." சாப்பிடும்போது, காரில், சர்ச் கமிட்டியில். போன வருஷம் திமிரியில் என் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்து ஆரம்பித்து, தோல் ஷாப் தாண்டி, கட்டிங் மிஷினுக்கு வந்திருப்பேன். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இரண்டு விரல். பக்கத்தில் ரூத் இரண்டு விரல். பின்னால் பஷீர் பாய். அடுத்த நிமிஷம் மண்டபம் முழுக்க, மாப்பிள்ளை பெண் உட்பட, "டிக், டிக்." மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். எந்த மிஷினையும் நிறுத்தத் தெரிந்தவன்தான் முதலாளி என்று ஃபேக்டரிச் சுவரில் எழுதி வைத்தவன் நான். அந்த வரியை இப்போதெல்லாம் நான் அவ்வளவாகப் படிப்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மார்த்தா பின்னால் வந்து நின்று, "இன்னும் முடிக்கலயா?" என்று கேட்கிறாள். இதோ முடிந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளை விமானத்து நாப்பாவைப் பற்றி நான் முழுதாகச் சொல்லவில்லை. அந்த மாதிரித் தோலை இந்தப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடியவர்கள் மொத்தமே மூன்று பேர்தான், அதில் முதல் ஆள்

டிக். டிக்.